வாடைக் காலத்து வீதி: கல்முனை முதல் பொத்துவில் வரை

அம்பாறைக் கரையோரத்தில் வண்டி ஓட்டுபவருக்குச் சோதனைக் காலம் ஒக்டோபரில் பிறக்கிறது. மாதக்கணக்கில் வெயிலிலும் கச்சான் காற்றிலும் காய்ந்து கிடந்த வீதியில் முதல் மழை விழும்போது, அதுவரை படிந்திருந்த எண்ணெய்க் கசிவும் டயர்த் தூளும் புழுதியும் நீரில் குழைந்து மெல்லிய களிம்பாகின்றன. மழை தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில்தான் வழுக்கல் கூட. மழை விடாமல் அடித்தால் களிம்பு கழுவுப்பட்டுப் பிடிமானம் ஓரளவு திரும்பும். தூறலோடு நின்றுவிட்டால் அப்படியே கிடக்கும். கொட்டும் மழைக்குக் கடை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தூறலைப் பொருட்படுத்தாமல் பறப்பதைக் கல்முனைச் சந்தியில் அந்த மாதம் முழுவதும் பார்க்கலாம். முதல் மழையைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியது தூறலுக்குத்தான்.

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரையான சுமார் 70 கிலோமீற்றர், ஏ4 நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடியும் அந்த வீதி 400 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. நாட்டின் ஏ தர வீதிகளில் அதுவே மிக நீண்டது. இந்தத் துண்டில் கிழக்கே கடல், மேற்கே நெல் வட்டைகள், அவற்றுக்கும் அப்பால் குளங்கள். கல்லோயாத் திட்டத்தில் கட்டப்பட்ட சேனாநாயக்க சமுத்திரமும் அதன் கீழுள்ள குளங்களும் நிரம்பினால் மிகுதி நீர் வட்டைகளுக்குள் இறங்கி, ஓடைகளிலும் முகத்துவாரங்களிலும் கடலைத் தேடும். முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தால் பெக்கோ இயந்திரம் கொண்டு வெட்டிவிடும் வரை நீர் போக வழியில்லை. அதுவரை அது நிற்குமிடம் வயலும் தாழ்ந்த வீதியும்தான். ஆகவே இங்கே வெள்ளம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கரையில் மழை ஓய்ந்து, வெயிலும் எறித்த பிறகு மேற்கிலிருந்து நீர் ஏறி வருவதுண்டு. இதைப் புரிந்துகொள்ளாத வெளியூர்ச் சாரதிதான் தெளிந்த வானத்தை நம்பி, வெள்ளம் மேலே ஓடும் தாழ்ந்த வீதியில் இறங்குகிறார்.

ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். குளிர்நாடுகளில் இதே மாதங்களில் வீதியில் பனி விழுகிறது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் வாழும் இலங்கைத் தமிழர் பனியில் ஓட்டப் பழகும் அதே பருவத்தில், கல்முனையார் வெள்ளத்தில் ஓட்டுகின்றனர். டயருக்கும் வீதிக்கும் இடையிலான பிடிமானம் குறைவது இரண்டுக்கும் பொது. எவ்வளவு குறைகிறது என்பதில்தான் வேறுபாடு.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 14 மீற்றர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 14 மீற்றர் போய்விடும். அதன் பிறகு, உலர்ந்த தார் வீதியில் வண்டி நிற்க இன்னும் 14 மீற்றர் அளவில் வேண்டும். நனைந்த வீதியில் அது 22 மீற்றராகும். இறுகிய பனியில் 50 மீற்றரை நெருங்கும். கண்ணாடி போன்ற உறைபனியில் 100 மீற்றர் அளவுக்குப் போகும். டயரின் தேய்மானத்துக்கும் வீதியின் சொரசொரப்புக்கும் ஏற்ப இவை கூடலாம், குறையலாம். ஆனால் விகிதம் இதுதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகிறது, குளிர்கால டயரின் ரப்பர் மென்மை குன்றாமல் இருக்கிறது என்பதே அதன் அடிப்படை. கல்முனையில் வெப்பநிலை அந்தப் பக்கமே போகாது. இங்கே டயரில் பார்க்க வேண்டியது அதன் பள்ளங்களின் ஆழத்தைத்தான்.

பனிக்கும் மழைக்கும் பொதுவான ஓட்டுமுறை ஒன்று உண்டு. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். பிரேக் பிடிப்பதும் வளைவதும் வேகமெடுப்பதும் அந்த ஒரே இருப்பிலிருந்துதான் எடுக்கின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் இருப்புப் போதாமல் சில்லு வழுக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கிவிட வேண்டும். வளைவுக்குள் ஸ்டியரிங் மட்டும் வேலை செய்யட்டும். வளைவு நிமிர்ந்த பிறகு அக்சிலேட்டரை மெல்ல அழுத்தலாம். கிளச்சைச் சட்டென்று விடுவதும் கூடாது. இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் போனால் பிரேக்கின் தேவை பாதியாகக் குறையும். அப்படியும் வழுக்கினால் பிரேக்கிலிருந்தும் அக்சிலேட்டரிலிருந்தும் காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து, ஸ்டியரிங்கை அந்தத் திசைக்கே மெதுவாகத் திருப்ப வேண்டும். மோதப்போகும் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கையும் அங்கேயே போகும். ஏபிஎஸ் பொருத்திய வண்டியில் மட்டும் அவசரத்தில் பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்திருக்கலாம். மிதி காலுக்குக் கீழே அதிரும், அதற்காகக் காலை எடுக்கக் கூடாது.

கல்முனை நகரில் இவற்றையெல்லாம் கார்ச் சாரதியைவிட மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான் சொல்ல வேண்டும். கல்முனை பஸ் நிலையத்திலிருந்து கல்முனைக்குடி வழியாகச் சாய்ந்தமருது வரை கடைகளும் வீடுகளும் இடைவெளியின்றி ஒட்டிக் கிடக்கின்றன. வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு சில்லு வண்டிகள். நனைந்த வீதியில் முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால் முன் சில்லு பூட்டிக்கொண்டு வண்டி ஒரு நொடியில் சரியும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் நீளும். இரண்டையும் சேர்த்து, முதலில் தொட்டு, பிறகு படிப்படியாக இறுக்குவதுதான் முறை. பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சும் வடிகான் மூடிகளின் இரும்பும் மழையில் தாரைவிடப் பல மடங்கு வழுக்கும். அவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம்.

மழை தொடங்கியதும் பின்னால் இருப்பவர் குடை விரிப்பது இங்கே அன்றாடக் காட்சி. வாடைக் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது, தெற்கே போகும் வண்டியின் இடப்பக்கத்தில் குடை பாயாகிவிடும். சந்துகளைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று ஒரு தள்ளு தள்ளும், கட்டடத்தின் மறைவுக்குள் வந்ததும் விட்டுவிடும். இப்படி விட்டுவிட்டு வரும் தள்ளுதான் ஒரே சீராக வீசும் காற்றைவிட ஓட்டுபவரைத் தடுமாற வைக்கிறது. அபாயாவின் ஓரமும் சாரத்தின் நுனியும் நனைந்து கனத்துத் தொங்கிச் செயினிலோ பின் சில்லின் கம்பிகளிலோ சிக்கும். ஸ்கூட்டியில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் உம்மாமார் பலர் இதனால் அபாயாவை முழங்காலுக்குக் கீழே ஒருமுறை சுற்றி ஒடுக்கிக்கொண்டு, அதன் மேல் மழைக்கோட்டைப் போடுகின்றனர். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த ஏற்பாடு கையேடுகளின் பல அறிவுரைகளைவிடப் பயன் தருவது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல்களின் முன்னால் வீதியின் இரு ஓரமும் வண்டிகளால் நிறைந்து, நடுவில் ஒடுங்கிய தடமே மிஞ்சும். ரமழான் மாதத்தில் நோன்பு திறப்பதற்கு முந்திய கால் மணி நேரம் வேறு வகை. வீட்டுக்கு விரையும் வண்டிகள், பசித்த சாரதிகள், மங்கும் வெளிச்சம். இப்போதைக்கு நோன்பு மழை குறைந்த மாதங்களில் வருகிறது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்நகர்ந்து, 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் ரமழான் பிறக்கும். அப்போது மஃரிபுக்கு முந்திய அந்தக் கால் மணி நேரம் அடைமழைக்குள்ளும் விழும்.

கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்குப் போகும் வீதியில் இருக்கிறது கிட்டங்கித் தாம்போதி. தாம்போதி என்பது வெள்ளத்தைத் தன் மேலேயே ஓடவிடுவதற்காகத் தாழ்வாக அமைக்கப்பட்ட வீதி. ஆகவே அது மூழ்குவது எதிர்பார்த்ததுதான். கிட்டங்கி மாரிதோறும் மூழ்கும், போக்குவரத்து நிற்கும், செய்தியும் வரும். வயலும் வேலையும் அக்கரையிலிருப்போர் கடந்தே தீர வேண்டியிருக்கிறது.

தாம்போதியின் விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பதுதான் இங்கே முதலாவது ஓட்டுநுட்பம். அனுபவமுள்ள வான் சாரதி எஞ்சினை அணைக்காமல், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி நிற்கிறார். ஓரத்துத் தூண்களில் நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று முதலில் பார்க்கிறார். பிறகு தூணின் இரு பக்கத்தையும் கவனிக்கிறார். நீர் வரும் பக்கத்தில் மட்டம் உயர்ந்தும் போகும் பக்கத்தில் பள்ளமாகச் சுழித்தும் இருந்தால் ஓட்டம் பலம். ஒரு குச்சியையோ ஆற்றுவாழைத் துண்டையோ பார்த்து, அது ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும் வேகத்தை மனதால் எண்ணுகிறார். நீர் போகும் பக்க விளிம்பில் வெண்ணுரை கோடாக நிற்கிறதா, இடையில் எங்காவது அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்பது அடுத்தது. உடைந்த இடத்தில் கீழே தாரும் கல்லும் அரித்துப் போயிருக்கக்கூடும். கலங்கிய நீருக்குள் வீதி இருக்கிறது என்பதற்கு மேலே தெரியும் தூண்கள் சாட்சியாகா. கடைசியாக, நீரில் நடந்து வருபவரிடம் கேட்கிறார். "போகாதீங்க காக்கா, நடுவால இழுவை கூட" என்ற ஒரு சொல் கிடைத்தால் வானைத் திருப்பிக்கொண்டு போகிறார். பின்னால் இருக்கும் பயணிகள் முணுமுணுப்பார்கள். அதைப் பொறுக்கும் சாரதிதான் நல்ல சாரதி.

எத்தனை ஆழத்தில் திரும்ப வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை சொல்லிவரும் அளவுகள் எளியவை. ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே பல கார்களின் அடியைத் தொட்டுக் கட்டுப்பாட்டைக் குலைக்கும். 30 சென்ரிமீற்றரில் பெரும்பாலான கார்கள் மிதக்கத் தொடங்கும். 60 சென்ரிமீற்றர் நீர் ஜீப் வகை வண்டிகளையும் அடித்துச் செல்லும். காரணம் எளிய கணக்கு. ஒரு சிறிய காரின் அடிப்பரப்பு ஆறேழு சதுர மீற்றர். அடித்தளத்துக்கு மேலே நீர் 10 சென்ரிமீற்றர் ஏறினால் அது 600 கிலோகிராமுக்கு மேல் மேல்நோக்கித் தூக்கும். காரின் எடையோ ஒரு தொன் அளவுதான். எடை குறையக் குறைய டயரின் பிடிமானமும் குறைகிறது. அதே வேளை பக்கவாட்டில் நீர் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஓட்டத்தின் வேகத்தோடு வர்க்க விகிதத்தில் ஏறுவது: ஓட்டம் இருமடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. நேற்று இதே ஆழத்தில் கடந்தேன் என்று சொல்பவர் நேற்றைய ஓட்டத்தை அளக்கவில்லை.

கடக்கலாம் என்று உறுதியானால், முன்னால் போகும் வண்டி அக்கரை ஏறும் வரை காத்திருந்து, தாம்போதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியாகப் போக வேண்டும். எதிரே பஸ் வந்தால் அது கிளப்பும் அலை மட்டும் ஒரு சாண் உயரும். முதல் கியரில், ஒரே சீரான வேகத்தில், வீதியின் நடுவால், இடையில் கியர் மாற்றாமலும் காலைத் தளர்த்தாமலும் போக வேண்டும். காலை எடுத்தால் புகைக்குழாய் வழியே நீர் உள்ளே வரும். வேகமாகப் போனால் முன்னால் எழும் அலை காற்று உறிஞ்சும் குழாய்க்குள் புகும். நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீரை அமுக்க முடியாததால், கனெக்டிங் ரொட் வளைந்து எஞ்சினே போய்விடும். முச்சக்கர வண்டிக்கு எஞ்சின் பின்னால் தாழ்வாக இருப்பதால் முழங்காலுக்குக் கீழான நீரே அதற்கு அதிகம். கியர் இல்லாத ஸ்கூட்டியில் பெல்ட் நனைந்தால் எஞ்சின் இரைந்தாலும் வண்டி நகராது.

உழவு இயந்திரத்தைப் பற்றி இந்தப் பகுதியில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை இருக்கிறது: அது எதையும் கடக்கும் என்பது. பஸ் நின்றுவிட்ட நாளில் சனங்கள் அதன் பெட்டியில் ஏறிக்கொள்கின்றனர், மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்கின்றனர். உயரமும் இழுவைப் பலமும் அதற்கு உண்டுதான். ஆனால் பின்சில்லுகளின் பெரிய டயர்களுக்குள் இருப்பது காற்று. ஆழ நீரில் அவை வண்டியைத் தூக்கிவிடும். பின்னால் பூட்டிய பெட்டியின் நீண்ட பக்கப்பலகை முழுவதிலும் வெள்ளம் மோதும். பெட்டி பக்கவாட்டில் இழுபட்டால் கொழுக்கி வழியே இயந்திரத்தையும் திருப்பிவிடும். பெட்டியில் நிற்பவர்களின் எடை உயரத்தில் இருப்பதால் கவிழ்வதற்கு ஒரு சிறு சாய்வு போதும்.

இந்த நம்பிக்கைக்கு விலை கொடுக்கப்பட்ட இடம் கல்முனைக்குத் தெற்கே சில கிலோமீற்றரில் வருகிறது. சாய்ந்தமருது, மாளிகைக்காடு தாண்டினால் காரைதீவு, விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். அங்கிருந்து மேற்கே பிரியும் ஏ31 வீதி மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறை நகருக்குப் போகிறது. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியின் இருபுறமும் வயல், மாரியில் இருபுறமும் நீர். 2024 நவம்பர் 26ஆம் திகதி, பின்னர் ஃபெங்கல் புயலான தாழமுக்கம் கிழக்கில் பெருமழை கொட்டிக்கொண்டிருந்தபோது, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இங்கே இழுத்துச் சென்றது. சிலர் மீட்கப்பட்டனர். மாணவர்கள் உட்படப் பலர் உயிரோடு திரும்பவில்லை. தேடுதல் நாட்கணக்கில் நடந்தது. வறண்ட நாளில் அந்த இடத்தைக் கடக்கும் பயணிக்கு அங்கே ஆபத்தான எதுவும் கண்ணில் படாது: நேரான வீதி, ஒரு பாலம், இருபுறமும் பச்சை. ஓடைகளும் பாலங்களும் வட்டைகளின் நீர் சேருமிடத்தில்தான் இருக்கும் என்ற ஒன்றைத் தவிர எச்சரிக்கை கிடையாது. நீர் எப்போது இறங்கும் என்பதை அறிய, வட்டைகளின் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானையை விடப் பொருத்தமான ஆள் இல்லை. எந்தக் குளத்தில் வான்கதவு திறந்திருக்கிறது, எந்த முகத்துவாரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்பது அவருக்கு அன்றன்றே தெரியும்.

நிந்தவூரில் வேறு வழுக்கல். பெரும்போகத்துக்கு வயல் உழும் ஒக்டோபர், நவம்பரில் வட்டைக்குள்ளிருந்து வீதியில் ஏறும் உழவு இயந்திரங்கள் சில்லில் அப்பிய களிமண்ணை நூறு, இருநூறு மீற்றருக்கு உதிர்த்துக்கொண்டே போகும். காய்ந்த களிமண் துகளாகிப் பறந்துவிடும். தூறல் பட்டால் இந்த முழு வழியிலும் பனிக்கு மிக நெருங்கிய வழுக்கல் அதுதான். அங்கே பிரேக் பிடிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, உருளும் வேகத்தில் கடந்துவிட வேண்டும். களிமண் தடம் தொடங்குமிடம் எப்போதும் வயல் பாதை வீதியில் ஏறும் வாசல். அத்தகைய வாசல்களைத் தூரத்திலேயே கண்டு வேகம் குறைப்பவருக்குச் சிரமமில்லை. பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை வந்ததும் அதே வீதி ஓரம் களமாகிவிடும். படங்கு விரித்து நெல் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிக் கற்களை வைப்பார்கள். மாலையில் நெல் அள்ளப்படும், கற்கள் சில வேளை அப்படியே கிடக்கும். சிதறிய மணிகளும் வைக்கோலும் மோட்டார் சைக்கிள் டயருக்குக் கீழே உருளும். உணவு காயும் இடத்தை வீதி என்பதா, களம் என்பதா என்று இங்கே யாரும் வழக்காடுவதில்லை. வண்டிகள் விலகிப் போகின்றன.

நிந்தவூரை விட்டுக் களியோடைப் பாலம் தாண்டி ஒலுவிலை நோக்கிப் போகும்போது வீதி விரிகிறது, ஊர் விலகுகிறது, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் வருகிறது. கல்முனையின் நெருக்கத்திலிருந்து விடுபட்ட பஸ்களும் வான்களும் இங்கே வேகமெடுக்கின்றன. ஒரே பயணிகளுக்காகத் தனியார் பஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் போட்டிபோடுவது இந்தத் தடத்தில் புதிதல்ல. நேரான, மட்டமான, நீர் தேங்கும் வீதியில் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றும் வேகத்தைவிட வண்டியின் வேகம் கூடினால், டயர் தாரை விட்டு நீரின் மேல் ஏறிவிடும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும், எஞ்சின் சத்தம் கூடும், வண்டி சொல் கேளாது. விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் 1960களில் கண்ட விதிப்படி இந்த வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு மாறுகிறது. 30 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் மணிக்கு 90 கிலோமீற்றர் அளவில் நீரில் ஏறும். காற்றுக் குறைந்து 20 பிஎஸ்ஐ ஆனால் 75 கிலோமீற்றரிலேயே ஏறிவிடும். ஊர்களுக்கு வெளியே காருக்கான சட்டபூர்வ வேகம் 70. இரண்டுக்கும் இடையில் மிஞ்சும் இடைவெளி எவ்வளவு என்பதைக் காற்றடிக்காத டயருடன் ஓட்டுபவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். அப்படி ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாமல் அக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்திருந்தால் டயர் மீண்டும் தாரைப் பிடிக்கும். முன் வண்டியின் சில்லுகள் நீரை விலக்கிய தடத்திலேயே போவது நல்லது. இடைவெளி மட்டும் நான்கு விநாடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 50 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 55 மீற்றர்.

பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் மீண்டும் நெருங்கும். அக்கரைப்பற்றுச் சந்தைப் பகுதியைப் பற்றிச் சொல்லக் கல்முனைக்குச் சொன்னதற்கு மேல் எதுவுமில்லை.

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே தம்பிலுவில், திருக்கோவில் தாண்டியதும் வீதியின் குணம் மாறுகிறது. வீடுகள் குறைந்து, பற்றைக்காடும் களப்பும் மணலும் தொடங்கும். மாரியில் வயல்களில் பயிர் நிற்பதால் மாடுகளுக்கு வட்டைக்குள் இடமில்லை. மேய்ச்சல் நிலமும் நீரில். மேடான, பகல் வெயிலின் சூட்டை இரவிலும் கொஞ்சம் வைத்திருக்கும் தார் வீதிதான் அவற்றுக்குப் படுக்கை. வெள்ளை மாடு ஹெட்லைட்டில் தெரிந்துவிடும். எருமை நனைந்த கரிய வீதியில் கரிய மேடாகப் படுத்திருக்கும். முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தால் கண்கள் ஒளிராது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் நனைந்த தாரில் தெறித்துக் கண்ணைக் கூசச் செய்யும் நேரத்தில் அது முற்றாக மறைந்துபோகும். இங்கே பின்பற்ற வேண்டிய அளவு ஒன்றே: தன் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம். தாழ்த்திய விளக்கு நாற்பது, ஐம்பது மீற்றர் காட்டினால், நனைந்த வீதியில் 50 கிலோமீற்றருக்கு மேல் போக வழியில்லை. மழையில் விளக்கை உயர்த்தினால் துளிகளில் பட்டு வெளிச்சம் திரும்பி வந்து, இருந்த பார்வையும் போகும்.

சங்கமன்கண்டி, கோமாரிப் பக்கத்தில் கடல் வீதிக்கு அருகே வருகிறது. வாடைக் காற்று திறந்த வெளியில் மணலை வாரி வீதியில் கொட்டும். நனைந்த மணல் இறுகித் தார் போலவே தெரியும். காய்ந்த மணல் வளைவின் உள்பக்கத்தில் குவிந்திருக்கும். மோட்டார் சைக்கிள் சாய்வது சரியாக அங்கேதான். இத்தகைய வளைவில் தடத்தின் நடுவை விட்டுவிடாமல், வண்டியைச் சாய்க்காத வேகத்தில் போக வேண்டும். பாலங்களின் மேல் பக்கக்காற்று தடையின்றி அடிக்கும். தோள்களை இறுக்கினால் காற்றின் ஒவ்வொரு தள்ளும் ஹேண்டிலுக்குப் போய்விடும். கைகளைத் தளர்வாக வைத்து, முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டால் வண்டி தானே நிமிர்ந்துகொள்ளும்.

பொத்துவிலில் ஏ4 மேற்கே திரும்பி லாகுகலைக் காட்டுக்குள் போகிறது. அங்கே இரவில் கவனிக்க வேண்டியது யானையை. நேரே தெற்கே போனால், 2004 சுனாமிக்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்ட பாலத்தைத் தாண்டி அறுகம்பே. அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டார் மாரியில் குறைவு. கடைகள் பாதி மூடியிருக்கும். வாடகைக்கு விடும் மோட்டார் சைக்கிள்கள் கூரைக்குக் கீழே ஏற்றப்பட்டிருக்கும்.

நீரைக் கடந்து வந்த வண்டிக்குப் பயணம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. நனைந்த பிரேக் முதல் சில அழுத்தங்களுக்குப் பிடிக்காது. ஆகவே தாம்போதியை விட்டு ஏறியவுடனேயே, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்து, மெதுவாக ஓடிக்கொண்டே பிரேக்கை இலேசாக அழுத்திப் பிடித்துச் சூட்டில் காயவிட வேண்டும். வெள்ள நீரில் வந்த சேறு டிரம் பிரேக்கினுள் தங்கினால் சில நாளில் கீச்சிடும். அப்போது கழற்றிக் கழுவுவதுதான் வழி. களப்பு நீரிலும் கடலோர மணலிலும் உப்பு இருப்பதால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, செயினுக்கு உடனே எண்ணெய் போட வேண்டும். சில்லின் பெயரிங்கில் நீர் புகுந்திருந்தால் ஓடும்போது மெல்லிய முரல் கேட்கும், கிறீஸ் மாற்றாவிட்டால் அது இறுகிவிடும். எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. அந்த எண்ணெயுடன் கல்முனைக்குத் திரும்பக் கூடாது, பொத்துவிலிலேயே வடித்து மாற்றிவிட வேண்டும்.